49 வினாக்கள்: ஓரவஞ்சனையை அளப்பது எங்ஙனம்?

இறையனார் களவியலுக்கு உரை பிறந்த கதையைத் தமிழ் பயின்றோர் அறிவர். அந்நூலின் அறுபது சூத்திரங்களுக்கும் சங்கப் புலவர் 49 பேரும் தனித்தனியே உரை செய்தனர். எது மெய்யுரை என்பதில் உடன்பாடு எட்டவில்லை. முடிவில் உருத்திரசன்மன் என்னும் மூங்கைச் சிறுவனை இருத்தி, அவன் முன்னே ஒவ்வோர் உரையாக வாசித்தனர். மருதன் இளநாகனார் உரைக்குச் சிற்சில இடங்களில் அவன் மெய்ம்மயிர் சிலிர்த்தது. நக்கீரனார் உரைக்கோ சொல்தோறும் கண்ணீர் வார்ந்தது. அதுவே மெய்யுரை என்று கொண்டனர்.

இது வரலாறா புனைவா என்னும் ஆராய்ச்சி இங்கு வேண்டா. நம் கருத்தைக் கவர்வது அக்கதையில் பொதிந்துள்ள அளவைமுறை. ஓர் உரையின் தகுதியை எழுதியவரின் புகழைக் கொண்டோ அறிஞர்களின் பெரும்பான்மை கொண்டோ தீர்மானிக்கவில்லை. கேட்டவனிடத்தில் அது நிகழ்த்திய விளைவைக் கொண்டு தீர்மானித்தனர்.

அதே மதுரையில், 2018ஆம் ஆண்டில், வேறொரு 49 நீதிமன்றம் ஏறியது. எண்ணின் ஒற்றுமை தற்செயலே. ஆயினும் அவ்வழக்கில் எழுந்த கேள்வி பழங்கதையின் கேள்விக்கு மிக அணுக்கமானது. ஒரு வினா நேர்மையானதா, ஓரவஞ்சனை உடையதா என்பதை எவரைக் கேட்டு அறிவது? வினாவை எழுதியவரையா, மொழிபெயர்த்தவரையா, நீதிபதியையா, அல்லது அதற்கு விடையளித்த மாணவரையா?

வழக்கு நடந்த வரலாறு

மதுரையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில், ஒத்தக்கடைக்கு அண்மையில், ஆனைமலையின் பக்கத்தே சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அமைந்துள்ளது. 2004 ஜூலை 24 அன்று தொடங்கப்பெற்றது. அதே சாலையில் மேலும் வடக்கே சென்று மேலூரையும் கருங்காலக்குடியையும் கடந்தால் கொட்டாம்பட்டி. அவ்வட்டாரத்துப் பிள்ளைகள் மதுரைக்குச் செல்லும் வழியில் நீதிமன்றத்தைப் பேருந்தின் சாளரம் வழியே கண்டிருப்பர். அவர்கள் எழுதும் தேர்வைப் பற்றிய இரு வழக்குகள் அடுத்தடுத்த ஆண்டுகளில் அக்கட்டடத்துள் விசாரிக்கப்பட்டன.

முதலாவது 2017இல். அவ்வாண்டு மே 7 அன்று மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் நடத்திய மருத்துவ நுழைவுத் தேர்வான நீட்டில், தமிழ் முதலிய வட்டார மொழிகளின் வினாத்தாள் ஆங்கில, இந்தி வினாத்தாளினின்றும் வேறாக இருந்தது. தாள்கள் வேறாயினும் கடினத்தன்மை ஒன்றே என்றது வாரியம். மே 24 அன்று மதுரைக் கிளை தேர்வு முடிவை வெளியிட இடைக்காலத் தடை விதித்தது. ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம் அத்தடையை விலக்கியது. அடுத்த ஆண்டு முதல் அனைவருக்கும் ஒரே வினாத்தாள், அதன் மொழிபெயர்ப்பு என்னும் ஏற்பாடு வந்தது.

அந்த ஏற்பாட்டினின்று பிறந்ததே இரண்டாவது வழக்கு. 2018 மே 6 அன்று நடந்த தேர்வில் 180 வினாக்கள், 720 மதிப்பெண்கள். சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறினால் ஒன்று கழியும். தமிழில் தேர்வெழுதியோர் ஏறத்தாழ 24,700 பேர். தமிழ்ப் பகுதியில் 49 வினாக்கள் பிழையாக மொழிபெயர்க்கப்பட்டுள்ளன என்று கூறி, அந்நாளில் மாநிலங்களவை உறுப்பினராயிருந்த டி. கே. ரங்கராஜன் பொதுநல வழக்குத் தொடுத்தார். வாரியம் தன் விதியைச் சுட்டியது: மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில மூலமே இறுதி, தமிழில் எழுதுவோர் கையில் தரப்படும் தாளில் ஆங்கிலமும் உடன் உள்ளது.

ஜூலை 10 அன்று நீதிபதிகள் சி. டி. செல்வம், ஏ. எம். பஷீர் அகமது ஆகியோர் தீர்ப்பளித்தனர். 49 வினாக்களுக்கும் வினாவுக்கு 4 வீதம், தமிழில் எழுதிய அனைவருக்கும் 196 கருணை மதிப்பெண்கள் வழங்கித் தரவரிசையைத் திருத்துமாறு ஆணை. ஜூலை 20 அன்று உச்ச நீதிமன்றம் அதனை நிறுத்திவைத்தது. நவம்பர் 22 அன்று அறவே நீக்கியது. அதற்குள் அவ்வாண்டின் சேர்க்கை முடிந்துபோயிருந்தது.

இவ்வாறு ஒரு முனையில் 196, மறுமுனையில் சுழியம். இடையே ஓர் எண் இருந்திருக்க வேண்டும் அல்லவா? அந்த இடைப்பட்ட எண்ணைக் காணும் கலை ஒன்று உண்டு. அதன் வரலாற்றைச் சிறிது காண்போம்.

வினாக்களுள் ஒளிந்த ஊர்கள்

தேர்வு என்பது எல்லார்க்கும் பொது என்ற எண்ணம் எத்துணை பழையதோ, அத்துணை பழையது அதனுள் ஒளிந்திருக்கும் ஓரவஞ்சனை. இந்தியக் குடிமைப்பணிக்கு 1855இல் இலண்டனில் தொடங்கிய போட்டித் தேர்வில் கிரேக்கத்துக்கு 750, இலத்தீனுக்கு 750 மதிப்பெண்கள். வடமொழிக்கும் அரபுக்கும் தலா 375. ஆளப்போவது இந்தியாவை, ஆயினும் ஐரோப்பியச் செம்மொழிக்கு இருமடங்கு எடை! இங்கே வஞ்சனை திட்டத்தின் மேற்பரப்பிலேயே தெரிந்தது. எவரும் கண்டு சுட்டலாம்.

வினாவின் உள்ளே புகுந்து கிடப்பதைக் காண்பது அரிது. முதல் உலகப் போரில் அமெரிக்கா தன் படையினருக்கு நுண்ணறிவுத் தேர்வுகள் நடத்தியது. 1917இல் உருவாக்கப்பெற்ற இத்தேர்வுகளை ஏறத்தாழ 17 இலட்சம் பேர் எழுதினர். அவற்றுள் ஒரு வினா, கிரிஸ்கோ என்பது மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, உணவுப்பொருளா என்று கேட்டது. அந்நாட்டுக் கடைகளில் விற்ற சமையற் கொழுப்பின் வணிகப் பெயர் அது. அண்மையில் கப்பலிலிருந்து இறங்கிய இத்தாலியக் குடியானவன் அதை எங்ஙனம் அறிவான்? ஆனால் அவன் குறைந்த மதிப்பெண் அவனுடைய அறிவின் குறையாகப் பதிவாயிற்று. கார்ல் பிரிகாம் என்னும் உளவியலார் 1923இல் இவ்வெண்களைக் கொண்டு இனங்களுக்குத் தரவரிசையிட்டு நூல் எழுதினார். குடியேற்றக் கட்டுப்பாட்டுக்கு வாதாடியோர்க்கு அது கைக்கருவியாயிற்று. 1930இல் அவரே தம் முடிவுகள் அடித்தளமற்றவை என்று எழுதித் திரும்பப் பெற்றார். அதற்குள் 1924ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் நிறைவேறி ஆறாண்டுகள் ஆகியிருந்தன.

நம் நாட்டிலும் சான்றுக்குக் குறைவில்லை. குடிமைப்பணி முதனிலைத் தேர்வில் 2011இல் திறனறித் தாள் புகுத்தப்பட்ட பின், அதன் இந்தி மொழிபெயர்ப்பில் எஃகு ஆலை ‘இரும்புச் செடி’ ஆகியிருந்தது என்பது 2014ஆம் ஆண்டுப் போராட்டங்களில் ஊரறிந்த எடுத்துக்காட்டு. ஆங்கிலத்தில் ஆலைக்கும் செடிக்கும் ஒரே சொல். மொழிபெயர்த்தது மனிதனா கருவியா என்று கேட்டு நகைத்தனர். தேர்வறையில் அமர்ந்திருந்தவர்க்கு அது நகைப்பாக இருந்திராது.

இடைவெளி வேறு, வஞ்சனை வேறு

இத்தகைய வினாக்களைக் கண்டறிய, எளிய வழி ஒன்று உடனே தோன்றும். இரு குழுவினரில் ஒரு குழு ஒரு வினாவில் பின்தங்கினால் அவ்வினா வஞ்சனையுடையது என்று கொள்ளலாகாதா?

அமெரிக்காவில் அப்படியே ஓர் உடன்பாடு கண்டனர். இல்லினாய் மாநிலத்தில் காப்பீட்டு முகவர் உரிமத் தேர்வு கறுப்பினத்தவர்க்கு எதிரானது என்று கோல்டன் ரூல் என்னும் காப்பீட்டு நிறுவனம் 1976இல் வழக்கிட்டது. 1984இல் தேர்வு நிறுவனமான எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ் சமரசத்துக்கு இணங்கியது. ஒரே பொருள்பற்றிய, ஒத்த கடினமுடைய வினாக்களுள் இரு இனத்தவரின் விடைத்திறன் எதில் மிகக் குறைவாக வேறுபடுகிறதோ அதையே முதலில் எடுக்கவேண்டும் என்பது உடன்பாடு. மூன்றாண்டுகளில் அந்நிறுவனத்தின் தலைவர் கிரெகரி ஆன்ரிக் அவ்வுடன்பாடு ஒரு தவறு என்று வெளிப்படையாகக் கூறினார்.

ஏன் தவறு? தராசை எண்ணிப் பார்ப்போம். ஒரு தட்டில் ஒரு படி நெல்லும் மறுதட்டில் இரண்டு படி நெல்லும் வைத்தால் தராசு சாயத்தான் செய்யும். அந்தச் சாய்வு தராசின் கோணல் அன்று, நெல்லின் வேறுபாடு. நல்ல பள்ளி கிட்டாத பிள்ளை கடினமான வினாவில் தோற்றால், அந்தத் தோல்வி சமூகத்தின் அநீதியை உள்ளபடி காட்டுகிறது என்றும் ஆகலாம். தராசு கோணலா என்றறிய வேண்டுமானால் சந்தையில் நம் முன்னோர் செய்தபடி, சம எடையுள்ள இரு கற்களை இரு தட்டிலும் வைத்துப் பார்க்கவேண்டும். அப்போதும் சாய்ந்தால் கோணல் தராசினுடையது.

இவ்வேறுபாட்டைக் காணாமற்போவதன் கேடு இரு திசையிலும் வெட்டும். இலங்கையில் 1970ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக நுழைவை நினைவுகூர்வோம். பொறியியலுக்குச் சிங்கள மொழிவழித் தேர்வர்க்கு 400க்கு 227 போதுமென்றும் தமிழ்மொழிவழித் தேர்வர்க்கு 250 வேண்டுமென்றும் வெட்டுப்புள்ளி வகுக்கப்பட்டது. தமிழ்த் தேர்வாளர்கள் தாராளமாக மதிப்பெண் வழங்கினர் என்ற ஐயம் அதற்கு முன்னே கிளப்பப்பட்டிருந்தது. 1973இல் அது மொழிவாரித் தரப்படுத்தலாக நிலைபெற்றது; அடுத்த ஆண்டு மாவட்டப் பங்கீடும் சேர்ந்தது. இரு குழுக்களின் மதிப்பெண் வேறுபட்டால் தேர்வில்தான் பழுது என்று முன்கூட்டியே கொண்டு, மொத்தத்தைத் திருத்தும் முறை இது. எந்த வினாவில் பழுது, எந்த விடைத்தாளில் பழுது என்று அது காட்டாது. அதன் விளைவாக ஒரு தலைமுறையின் நெஞ்சில் விழுந்த வடு எத்தகையது என்பதை ஈழத்து வாசகர்க்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

சமக்கல் வைத்துப் பார்க்கும் கணக்கு

சமக்கல் முறையைக் கணிதமாக்கியவர்கள் கல்வித்துறையினர் அல்லர் என்பது சுவையான செய்தி. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த நாதன் மான்டெல், வில்லியம் ஹான்செல் ஆகிய இருவரும் 1959இல் ஒரு முறையை வெளியிட்டனர். புகைப்பவரையும் புகையாதவரையும் நேரே ஒப்பிட்டால் அவர்களின் வயது வேறுபாடு இடையே புகுந்து குழப்பும். ஆதலின் ஒத்த வயதினரை ஓரடுக்காக்கி, அடுக்குக்குள் ஒப்பிட்டு, பின் எல்லா அடுக்குகளின் முடிவையும் ஒன்றுசேர்க்கலாம் என்றனர். 1980களின் பிற்பாதியில் பால் ஹாலண்ட், டோரதி தேயர் ஆகியோர் இம்முறையைத் தேர்வு வினாக்களுக்குக் கொண்டுவந்தனர். வயதுக்குப் பதில் மாணவரின் திறன். நோய்க்குப் பதில் வினா. முன்சொன்ன அதே தேர்வு நிறுவனத்தில் அவ்விருவரும் பணியாற்றினர்.

நம்மூர்க்கு அதைப் பொருத்திக் காண்போம். கொட்டாம்பட்டியில் தமிழ்வழி பயின்ற ஒரு மாணவி. மதுரை நகரில் ஆங்கிலவழி பயின்ற ஒரு மாணவி. இருவரும் ஐயமற்ற, பிழையற்ற வினாக்களில் ஒரே அளவு மதிப்பெண் பெற்றவர்கள் என்று வைத்துக்கொள்வோம். இயற்பியலும் உயிரியலும் இருவருக்கும் ஒரே அளவு தெரியும் என்பது பொருள். இப்போது ஐயத்துக்குரிய வினா ஒன்றை எடுக்கிறோம். இருவரும் அதனைச் சரியாக விடுவிக்கும் வாய்ப்பு ஒன்றாக இருக்கவேண்டும். தமிழ்வழியினர் மட்டும் தொடர்ந்து தவறினால், பாடத்தின் அறிவு அங்கே குறுக்கிடவில்லை, வேறேதோ குறுக்கிடுகிறது.

எண்களால் விளக்க, நாமே சில எண்களைக் கற்பித்துக்கொள்வோம். பிழையற்ற வினாக்களில் 80ஐச் சரியாகச் செய்த ஓர் அடுக்கில் ஆங்கிலவழியினர் 1,000 பேர். ஐயத்துக்குரிய வினாவை அவர்களுள் 700 பேர் சரியாகச் செய்தனர், 300 பேர் தவறினர். அதே அடுக்கில் தமிழ்வழியினர் 200 பேர். 80 பேர் சரி, 120 பேர் தவறு. முன்னவர்க்குச் சரிக்கும் தவறுக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 2.33, பின்னவர்க்கு 0.67. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 3.5. வினா நேர்மையாயின் இவ்வெண் 1ஐ ஒட்டி நிற்கவேண்டும். எல்லா அடுக்குகளிலும் இவ்வாறே கண்டு, உரிய எடையுடன் சேர்த்தால் அவ்வினாவின் கோணல் ஓர் எண்ணாகக் கிடைக்கும்.

எண் பெரிதாயிருப்பது வினாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுமே தவிர, தண்டனை வழங்கிவிடாது. அதன்பின் பாட வல்லுநரும் மொழி வல்லுநரும் அமர்ந்து காரணத்தைத் தேடவேண்டும். வேறுபாட்டை உண்டாக்கிய கூறு, தேர்வு அளக்க முனைந்த பொருளின் பகுதிதானா? ஆங்கில அறிவை அளக்கும் தேர்வில் ஆங்கிலச் சொல் தெரியாமை குறையே. விலங்கியலை அளக்கும் தேர்வில் அது குறையாகாது. எந்தத் தவறான விடையை மிகுதியாகக் குறித்தனர் என்பதும் பெரிய தடயம். திறன்மிக்க தமிழ்வழி மாணவர் பலர் ஒரே தவறான விடையில் சென்று குவிந்தால், மொழிபெயர்ப்பு அவர்களை அங்கே கைப்பிடித்து அழைத்துச் சென்றிருக்கிறது என்று ஊகிக்கலாம்.

196க்கும் சுழியத்துக்கும் இடையே

இனி 2018க்குத் திரும்புவோம். 180இல் 49 போக எஞ்சியவை 131 வினாக்கள். வழக்கிட்டவரும் குறை கூறாத வினாக்கள் அவை. சமக்கல்லாக அமைய இதனினும் தக்கது ஏது? 131இன் மதிப்பெண் கொண்டு தேர்வர்களை அடுக்கடுக்காக நிறுத்தி, 49 வினாக்களையும் ஒவ்வொன்றாக உரைகல்லில் இட்டிருக்கலாம். விடைத்தாள்கள் கணினி படித்தவை; புதிதாக ஓர் எழுத்தும் திரட்டவேண்டா. இருபத்துநாலாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்த் தேர்வர் என்பது இக்கணக்குக்குப் போதுமென்றதினும் மிகுதி.

அங்ஙனம் செய்திருந்தால் 49இல் சில வினாக்கள் எத்தீங்கும் செய்யாதவை என்று தெரியவந்திருக்கக்கூடும். எழுத்துப்பிழை கண்ணை உறுத்தும். ஆயினும் மாணவர் பொருளை உணர்ந்து விடையளித்திருப்பர். வேறு சில, பெருந்தீங்கு செய்தவை என்று தெரிந்திருக்கும். 131இலும் எவர் கண்ணுக்கும் படாத ஒன்றிரண்டு அகப்பட்டிருக்கலாம். தீங்கு செய்த வினாக்களை மட்டும் இரு சாரார்க்கும் நீக்கி மதிப்பிட்டிருக்கலாம்.

உயர் நீதிமன்றத்தின் நோக்கத்தை நாம் குறைகூறவில்லை. பிழையான தாளைக் கையில் கொடுத்து, அதன் சுமையைப் பதினேழு வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றியது அநீதி என்பதை அது கண்டது. ஆனால் 196 என்பது பிழையின் எண்ணிக்கையை நான்கால் பெருக்கியதே அன்றிப் பிழையின் விளைவை அளந்தது அன்று. 49இல் ஒன்றைச் சரியாகச் செய்தவர்க்கு அவ்வினாவின் பயன் இருமுறை சேரும். 524க்கு மேல் எடுத்தவர் எவரேனும் இருந்தால் அவர் 720ஐயே தாண்டிவிடுவார். அவ்வெண் உச்ச நீதிமன்றத்தில் நிலைக்காததில் வியப்பில்லை. வியப்பும் வருத்தமும் எல்லாம், 196 வீழ்ந்தபோது அதனோடு மெய்யான இழப்பும் கணக்கிடப்படாமலே புதைந்தது என்பதில்தான்.

சொல்லுக்கும் ஊர் உண்டு

மொழி ஆர்வலராகிய நமக்கு இவ்வழக்கில் இன்னொரு பாடமும் உண்டு. வழக்கின்போது நாளேடுகளில் பெரிதும் பேசப்பட்ட எடுத்துக்காட்டு, ஒரு விலங்கின் ஆங்கிலப் பெயர் ‘சீத்தா’ என்று அப்படியே தமிழெழுத்தில் அச்சானது. சீத்தா என்றதும் நம்மவர்க்கு நினைவில் வருவது பழம்! சரி, நல்ல தமிழ்ச்சொல் இட்டிருந்தால்? அவ்விலங்குக்குச் சிவிங்கி என்னும் அழகிய பெயர் உண்டு. ஆனால் இந்தியாவில் அற்றுப்போனதாக 1952இல் அறிவிக்கப்பட்ட விலங்கின் பெயர், 2018இல் எத்தனை மாணவர் நாவில் இருந்திருக்கும்? 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து அவற்றைக் குனோ காட்டுக்குக் கொண்டுவந்த பிறகே சிவிங்கிப்புலி என்னும் சொல் நாளேடுகள் வழியே மீண்டும் பரவியது. அகராதிப்படி சரியான சொல்லும் தேர்வறையில் வஞ்சனை செய்யக்கூடும். பிழையான சொல்லும் சில வேளை தீங்கற்றுப் போகும்.

இன்னும் நுட்பமானது ஒன்று. தமிழ்நாட்டுப் பாடநூலில் வேகம் என்பது திசையற்ற அளவு, திசையுடையது திசைவேகம். யாழ்ப்பாணத்து மாணவர்க்கோ திசையற்றது கதி, திசையுடையதே வேகம். முடுக்கம் என்று நாம் சொல்வது அங்கே ஆர்முடுகல். இரண்டும் பிழையற்ற தமிழே. ஆயினும் ‘வேகம்’ என்னும் ஒரு சொல் ஒரே இயற்பியல் வினாவை மதுரையில் ஒன்றாகவும் யாழ்ப்பாணத்தில் வேறொன்றாகவும் ஆக்கிவிடும். எந்த மொழிப் புலவரும் தம் அறையில் அமர்ந்து இதைப் பிழையென்று குறிக்கமாட்டார். விடையளித்தோரின் விடைகளே அதனைக் காட்டித்தரும்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. எல்லா வினாக்களிலும் சீராகப் பரவிய அநீதி இதன் வலையில் சிக்காது. பாடத்திட்ட வேறுபாடு, பெரும்பொருள் கேட்கும் பயிற்சி மையங்கள், ஆய்வுக்கூடமில்லாப் பள்ளி ஆகியவை 131ஐயும் 49ஐயும் ஒருசேரத் தாக்கும். அவற்றுக்கு வேறு ஆய்வும் வேறு மருந்தும் வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தந்த 2020ஆம் ஆண்டுச் சட்டமும், 2021இல் நீதியரசர் ஏ. கே. ராஜன் தலைமையில் அமைந்த குழுவின் ஆய்வும் அத்திசையில் நடந்தவை. தராசைச் செப்பனிடுவது ஒரு கடமை. வயலுக்கு நீர் பாய்ச்சுவது மற்றொரு கடமை. ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தட்டிக்கழிக்கலாகாது.

2019 முதல் இத்தேர்வைத் தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. 2021 முதல் 13 மொழிகளில் வினாத்தாள் வருகிறது. ஐயம் எழுந்தால் ஆங்கிலமே இறுதி என்னும் விதி மட்டும் மாறவில்லை. அவ்விதி எது சரியான விடை என்பதைத் தீர்க்கும். பிள்ளை எதைப் படித்து எதை விளங்கிக்கொண்டாள் என்பதைத் தீர்க்காது. 13 மொழிகளிலும், ஒவ்வொரு வினாவும் ஒத்த திறனுடையோரிடம் ஒத்தவாறு நடந்துகொண்டதா என்று முடிவு வெளிவருமுன் கணக்கிட்டு, அக்கணக்கையும் முடிவோடு சேர்த்து வெளியிட்டால் என்ன? செலவு பெரிதன்று. வழக்குகள் குறையும். வழக்கு வந்தாலும் நீதிபதிக்கு முன் 196, சுழியம் என்னும் இரண்டே வழிகள் இரா.

புலவர் 49 பேரும் தத்தம் உரையே மெய்யென்று நின்றபோது, வாய் பேசாத சிறுவன் ஒருவனின் மெய்ப்பாட்டைப் பார்த்தனர் என்கிறது பழங்கதை. 2018இன் 24,000க்கு மேற்பட்ட விடைத்தாள்களும் வாய் பேசாதவைதாம். அவை ஒவ்வொரு வினாவுக்கும் என்ன சொல்லின என்பதை எவரேனும் பொறுமையுடன் பார்த்திருந்தால், கொட்டாம்பட்டிப் பிள்ளைக்கு உரிய எண் எதுவோ அது கிடைத்திருக்கும். அது 196ஆக இருந்திராது. சுழியமாகவும் இருந்திராது என்றே நாம் கருதுகிறோம்.